பூர்வீகம் தெரியாத பாம்புக்கு ஊர்ப்பெயர் சூட்டாதீர்கள்

சென்னையில் கிங்ஸ்நேக் வளர்ப்போருக்கும் இனப்பெருக்கம் செய்வோருக்கும் ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த நண்பர்களே,

வணக்கம். உங்களில் பலருடைய இன்குபேட்டர்களில் இந்த ஆண்டின் முட்டைகள் ஏறத் தொடங்கிவிட்டன. ஜூலையிலும் ஆகஸ்டிலும் குட்டிகள் ஓட்டைக் கிழித்துத் தலை நீட்டும். முதல் சட்டை உரிந்ததும் படம் எடுப்பீர்கள், டப்பாவின் மீது ஒரு பெயரை எழுதுவீர்கள், விலை சொல்வீர்கள். அந்தப் பெயரைப் பற்றித்தான் இந்த மடல். 'மெக்சிகன் பிளாக்', 'புரூக்ஸ்', 'சினலோவன்', 'டெசர்ட்' என்று ஒரு நிலத்து வகையின் பெயரை எழுதும் முன்பு, அந்தக் குட்டியின் தாயும் தந்தையும் எந்த நிலத்து வம்சம் என்பது உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா என்று யோசியுங்கள். தெரிந்தால், எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தெரியாவிட்டால் 'பூர்வீகம் தெரியாது' என்று எழுதுங்கள். பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கிறது என்பதற்காக ஓர் ஊரின் பெயரை அதன் தலையில் கட்டாதீர்கள்.

இந்தப் பாம்புகளோடு பழக்கமில்லாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிங்ஸ்நேக்குக்கும் நம் ராஜநாகத்துக்கும் நெருங்கிய உறவு இல்லை. இது லாம்ப்ரோபெல்டிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த நஞ்சற்ற அமெரிக்கப் பாம்பு. மில்க்ஸ்நேக் என்று நாம் அழைப்பதும் இதே பேரினம்தான். கனடாவின் தென்கிழக்கு மூலையிலிருந்து மெக்சிகோ வழியாகத் தென் அமெரிக்காவின் வடமேற்குப் பகுதிவரை இவை பரவியிருக்கின்றன. சாதாரண கிங்ஸ்நேக் மற்றப் பாம்புகளையும் பிடித்து விழுங்கும். அங்குள்ள கிலுகிலுப்பை விரியனின் நஞ்சைத் தாங்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. நல்ல பராமரிப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இவ்வளவு பெரிய நிலப்பரப்பில் பாலைவனம், சதுப்பு நிலம், பைன் காடு, மலைச்சரிவு என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நிறமும் ஒரு வடிவமும் வந்து சேர்ந்ததுதான் இந்தப் பாம்பின் பெருமை. நம்மை இதன் பக்கம் இழுத்ததும் அதுதான்.

நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் நம்பிப் பெயர் வைப்பதில் உள்ள ஆபத்தை அறிவியல் உலகமே பட்டுத்தான் தெரிந்துகொண்டது. கலிஃபோர்னியா கிங்ஸ்நேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உடலைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் கொண்ட வடிவம் ஒன்று. முதுகுத்தண்டின் மேல் கழுத்து முதல் வால்வரை ஒரு வெள்ளைக் கோடு ஓடும் வடிவம் மற்றொன்று. ஒரு காலத்தில் இவ்விரண்டும் தனித்தனி இனங்களாகவே நூல்களில் இருந்தன. சான் டியேகோவில் மின்சார நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டே பாம்புகளை ஆராய்ந்த லாரன்ஸ் கிளாபர், 1930-களில் இந்த முடிச்சை அவிழ்த்தார். பிடிபட்ட தாய்ப் பாம்புகள் இட்ட முட்டைகளைப் பொரிக்க வைத்து, எந்தத் தாயின் முட்டைகளிலிருந்து எத்தகைய குட்டிகள் வந்தன என்று பதிந்தார். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து பட்டைக் குட்டிகளும் கோட்டுக் குட்டிகளும் சேர்ந்தே வந்தன. இரண்டும் ஒரே இனம் என்பது அதோடு உறுதியானது.

மேற்கு டெக்சாஸின் சாம்பல் பட்டை கிங்ஸ்நேக்கின் கதையும் இதே போன்றதுதான். 1901-இல் ஆல்டெர்னா என்ற பெயரில் ஒன்று விவரிக்கப்பட்டது; சாம்பல் நிற உடலில் மெல்லிய கறுப்புப் பட்டைகள் கொண்ட பாம்பு அது. 1950-இல், அகன்ற ஆரஞ்சுப் பட்டைகள் கொண்ட இன்னொன்று பிளேரி என்ற பெயரில் தனி இனமாக விவரிக்கப்பட்டது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே இனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 1970-இல் எர்னஸ்ட் டான்சர் வெளியிட்ட ஆய்வு, ஒரே தாயின் முட்டைகளிலிருந்து இரு வடிவங்களும் வெளிவருவதைக் காட்டியது. பிளேரி என்ற தனி இனம் அதோடு மறைந்தது. இன்று அது ஒரு வடிவத்தின் பெயர் மட்டுமே.

இந்த இரண்டு முடிச்சுகளையும் அவிழ்த்தது எது என்று பாருங்கள். கூர்மையான கண்ணோ, பல ஆண்டு அனுபவமோ இல்லை. 'இந்தக் குட்டிகளின் தாய் இது, அந்தத் தாய் பிடிபட்ட இடம் இது' என்ற பதிவுதான். நாம் வீட்டில் இனப்பெருக்கம் செய்பவர்கள். அந்தப் பதிவை எழுதும் வாய்ப்பு நம்மிடம்தான் முழுமையாக இருக்கிறது. அதையே நாம் கோட்டை விடுகிறோம்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: வெவ்வேறு நிலத்துப் பாம்புகள் ஒன்றுபோல் இருப்பது. சினலோவன் மில்க்ஸ்நேக்கும் நெல்சன் மில்க்ஸ்நேக்கும் மெக்சிகோவின் மேற்குப் பகுதியைச் சேர்ந்தவை. இரண்டிலும் சிவப்பு வளையங்கள்தான் அகலமாகப் பளிச்சிடும். சினலோவனுக்கு உடலில் 10 முதல் 16 சிவப்பு வளையங்கள், நெல்சனுக்கு 13 முதல் 18 என்று நூல்கள் சொல்கின்றன. அப்படியானால் 14 வளையங்கள் உள்ள பாம்பு எது? எண்ணிக்கையை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. சினலோவன் என்றால் விலை போகும் என்றால் அது சினலோவன் ஆகிவிடுகிறது. வாங்கியவர் அதற்கு இன்னொரு 'சினலோவனை'ச் சேர்க்கிறார். அடுத்த தலைமுறையில் அந்தப் பெயருக்கு எந்த அர்த்தமும் மிஞ்சுவதில்லை.

மெக்சிகன் பிளாக் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. சோனோரா பகுதியின் அந்தக் கருங்கல் கறுப்புக்கு நம் ஊரில் நல்ல கிராக்கி இருக்கிறது. முட்டையிலிருந்து வந்த புதிதில், அசல் வம்சத்துக் குட்டிகளின் தாடையிலும் வயிற்றிலும்கூட வெளிர்ப் புள்ளிகள் இருக்கலாம். வளர வளர அவை மங்கிவிடும். கலிஃபோர்னியா கிங்ஸ்நேக்கோடு கலந்த குட்டிகளிலும் புள்ளிகள் இருக்கும். போதாக்குறைக்கு, மெக்சிகன் பிளாக்கின் நிலம் கலிஃபோர்னியா, டெசர்ட் வடிவங்களின் நிலத்தைத் தொடும் எல்லைகளில், காட்டிலேயே இடைப்பட்ட தோற்றங்கள் உண்டு. ஆகவே புள்ளி இருப்பதால் அது கலப்பு என்று சொல்லிவிட முடியாது. புள்ளி இல்லாததால் அசல் என்றும் சொல்லிவிட முடியாது. கலப்புக் குட்டியை மீண்டும் மீண்டும் கறுப்புப் பாம்போடு சேர்த்தால் சில தலைமுறைகளில் முழுக் கறுப்பு வந்துவிடும். 'பாருங்கள், ஒரு புள்ளிகூட இல்லை, சுத்தமான வம்சம்' என்று படம் அனுப்புகிறவர் உண்மையில் எதையும் நிரூபிக்கவில்லை.

ஃப்ளோரிடாப் பாம்புகளில் வயதும் குறுக்கே வருகிறது. புரூக்ஸ் என்று நாம் அழைக்கும் தெற்கு ஃப்ளோரிடா வடிவம், குட்டியாக இருக்கும்போது கருமையாக, வெளிர்ப் பட்டைகளோடு, பட்டைகளுக்கு இடையே சிவப்புச் சாயலோடு இருக்கும். பிறகு ஒவ்வொரு செதிலிலும் மஞ்சள் ஊறி ஊறி, வளர்ந்த பாம்பு தேன் நிறத்துக்கு வந்துவிடும். ஒரே பாம்பின் மூன்று மாதப் படத்தையும் நான்கு வயதுப் படத்தையும் அருகருகே வைத்தால் நம்பவே மாட்டீர்கள். பொரித்த வாரத்தில் எடுத்த படத்தைக் காட்டி 'இது என்ன வகை?' என்று எனக்கு அனுப்புகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தாய் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பதில் வருவதில்லை.

அறிவியல் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றனவே, நாம் எழுதி என்ன பயன் என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2009-இல் ஆய்வாளர்கள் பைரன், பர்பிரிங்க் இருவரும், ஒரே இனமாக இருந்த சாதாரண கிங்ஸ்நேக்கை கெடுலா, நைக்ரா, ஹோல்புரூக்கி, ஸ்ப்ளெண்டிடா, கலிஃபோர்னியே என்று ஐந்து இனங்களாகப் பிரித்தார்கள். அதன் பிறகு ஃப்ளோரிடா வடிவங்களைத் தனி இனங்களாகக் கருத வேண்டும் என்ற வாதமும் எழுந்தது. 2014-இல் ருவேன் குழுவினர், 25 துணையினங்களாக இருந்த மில்க்ஸ்நேக்கை ஏழு இனங்களாக மாற்றி அடுக்கினார்கள். நாம் தனித்தனியாக வைத்துக் கொண்டாடிய பியூப்லன், சினலோவன், நெல்சன் மூன்றும் பாலிசோனா என்ற ஒரே இனத்துக்குள் போயின. ஹொண்டுரன் மட்டும் அப்நார்மா என்ற இனத்துக்குப் போனது. நாளை இன்னொரு குழு வேறு கோடு போடலாம். ஆனால் 'தாய் வழி: பியூப்லா மாநிலத்தின் தென்பகுதி' என்று எழுதப்பட்ட வரியை எந்த ஆய்வும் பொய்யாக்க முடியாது. பெயர் மாறினாலும் பாம்பின் முன்னோர் வாழ்ந்த இடம் மாறாது. அதனால்தான் இனப்பெயரைவிட இடப்பெயர் முக்கியம் என்கிறேன்.

இதை உலகத்திலேயே அழகாகச் செய்பவர்கள் சாம்பல் பட்டை கிங்ஸ்நேக் வளர்ப்பவர்கள்தான். அந்தப் பாம்பு மேற்கு டெக்சாஸில் பாறைகளை வெட்டிப் போட்ட சாலையோரங்களில் இரவில் வெளிப்படும். கண்டெடுத்தவர்கள் சாலையின் பெயரை எழுதி வைத்தார்கள். ஜூனோ சாலை, லாங்ட்ரி, ரிவர் ரோடு, கிறிஸ்துமஸ் மலைகள் என்று அந்தப் பெயர்கள் தலைமுறை தலைமுறையாகக் குட்டிகளோடு பயணப்படுகின்றன. லாங்ட்ரிப் பெண்ணை லாங்ட்ரி ஆணோடுதான் சேர்ப்பார்கள். வேறு இடத்து ஆணைச் சேர்த்தால் இரு இடங்களின் பெயரையும் எழுதிவிடுவார்கள். அப்படிக் கலந்ததை அவர்கள் குற்றமாகக் கருதுவதில்லை, மறைப்பதைத்தான் குற்றமாகக் கருதுகிறார்கள். அந்தப் பாம்பில் ஒரே தொகுதி முட்டைகளிலிருந்தே அடையாளம் தெரியாத அளவுக்கு வேறுபட்ட குட்டிகள் வருவதால், தோற்றத்தைக் கொண்டு இடத்தைச் சொல்ல வழியில்லை. ஒரு சிறு சீட்டில் உள்ள எழுத்து மட்டுமே சாட்சி. சீட்டு தொலைந்தால் சாலையும் தொலைந்தது.

நம் ஊருக்கு வருவோம். வடசென்னையில் பந்தயப் புறா வளர்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். குஞ்சு பொரித்து ஒரு வாரம் ஆவதற்குள், விரல்கள் இன்னும் நுழையும் பருவத்திலேயே, ஆண்டும் எண்ணும் பொறித்த மூடிய வளையத்தைக் காலில் மாட்டிவிடுவார்கள். கால் வளர்ந்துவிட்டால் அந்த வளையத்தைக் கழற்றவும் முடியாது, வேறொன்றை மாட்டவும் முடியாது. அந்த எண்ணைச் சொன்னால் தாய், தந்தை, பாட்டன்வரை நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிச் சொல்லிவிடுவார்கள். மொட்டை மாடியில் பலகைக் கூடு வைத்திருக்கும் அவர்களால் முடிகிற காரியம், குளிர்சாதன அறையும் டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டும் வைத்திருக்கும் நம்மால் முடியாதா?

நம்மை யாரும் கேட்கப் போவதில்லை என்பதுதான் இதில் பெரிய இடைஞ்சல். 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதையொட்டி 2024 பிப்ரவரியில் வெளிவந்த விதிகளும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலிலிருந்து சட்டத்தின் நான்காம் அட்டவணைக்கு வந்த உயிருள்ள விலங்குகளை, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதியச் சொல்கின்றன. பால் பைத்தான் என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பை வைத்திருப்பவர் பதிய வேண்டும், குட்டி பிறந்தால் தெரிவிக்க வேண்டும். பச்சை இகுவானாவுக்கும் அப்படியே. கிங்ஸ்நேக் சைட்டிஸ் பட்டியலில் இல்லை. அதனால் அந்தப் பதிவேட்டில் அதற்கு இடமும் இல்லை. சட்டம் கேட்காத இடத்தில் நாமே எழுதாவிட்டால் யாரிடமும் எந்தப் பதிவும் இருக்காது.

பதிவு இல்லாத இடத்தில் கடத்தல் சரக்கு எளிதாகக் கலந்துவிடுகிறது. 2022 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த ஒரு பயணியின் உடைமைகளில் 15 கிங்ஸ்நேக்குகள், 5 பால் பைத்தான்கள், 2 ஆல்டாப்ரா ஆமைகள், ஒரு குரங்கு ஆகியவற்றைச் சுங்கத் துறையினர் கண்டுபிடித்தார்கள். அவை தாய்லாந்துக்கே திருப்பி அனுப்பப்பட்டன. பைக்குள் மூச்சுத் திணறி வந்த அந்தப் பதினைந்தும் பிடிபடாமல் போயிருந்தால், ஓரிரு வாரங்களில் 'இங்கேயே பொரித்தவை' என்ற பெயரில் கை மாறியிருக்கும். தாய் தந்தையின் படமும் முட்டையிட்ட தேதியும் இல்லாமல் குட்டிகளை வாங்கும் வழக்கம் நம்மிடம் இருக்கும்வரை, இந்தப் பொய்யை யாரும் சொல்லலாம். இறக்குமதி உரிமமும் விலங்குத் தனிமைப்படுத்தல் சோதனையும் இல்லாமல் வந்த உயிரை வாங்க மாட்டோம் என்று நாம் சொல்வதற்குப் பொருள் வேண்டுமானால், இங்கே பிறந்த குட்டிக்குச் சான்று இருக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். நம் ஊரில் உள்ள பாம்புகள் ஒரு சில முன்னோரிடமிருந்து பெருகியவை. புதிய ரத்தம் நேர்மையான வழியில் வருவது கடினம். பெரம்பூரில் ஒருவரிடம் வாங்கிய ஆணும் தாம்பரத்தில் ஒருவரிடம் வாங்கிய பெண்ணும் ஒரே தாயின் குட்டிகளாக இருக்கலாம். வாங்கியவருக்கு அது தெரியாது. விற்றவர்களுக்கும் தெரியாது. இப்படி இரண்டு மூன்று தலைமுறை போனால் பொரிக்காத முட்டைகளும், வளைந்த முதுகெலும்பும், இரை எடுக்காத குட்டிகளும் வர வாய்ப்பு அதிகம். அப்போது வெப்பத்தைக் குறை சொல்வோம், இன்குபேட்டரைக் குறை சொல்வோம். வம்சாவளி எழுதப்பட்டிருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் தவிர்த்திருக்கலாம்.

கலப்பினங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியா கிங்ஸ்நேக்கும், கார்ன்ஸ்நேக் என்ற இன்னொரு நஞ்சற்ற அமெரிக்கப் பாம்பும் வேறு வேறு பேரினங்கள் என்றாலும் சேர்ந்து குட்டி போடும். அந்தக் குட்டிகளும் இனப்பெருக்கம் செய்யக்கூடியவை. வெளிநாடுகளில் 'ஜங்கிள் கார்ன்' என்ற பெயரில் வெளிப்படையாகவே விற்கிறார்கள். பெயரோடு விற்றால் எனக்கு வருத்தமில்லை, நான் வளர்க்க மாட்டேன், அவ்வளவுதான். ஆனால் அந்த வம்சத்தில் வந்த மூன்றாம் தலைமுறைக் குட்டி வெறும் 'கிங்ஸ்நேக்' என்று கை மாறினால், அதை வாங்குபவரின் மொத்த வளர்ப்புத் தொகுதியும் அடுத்த சில ஆண்டுகளில் கெட்டுவிடும்.

ஓரளவுக்குச் சோதிக்க வழி இருக்கிறது. உரித்த சட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் ஊறவையுங்கள். சுருக்கம் தளர்ந்ததும் வெள்ளை டைல்ஸ் மீது வயிற்றுப் பக்கம் மேலே தெரியும்படி விரித்து, விரல் நுனியால் காற்றுக் குமிழ்களைத் தள்ளிவிடுங்கள். வயிற்றின் அகலமான செதில்கள் ஏணிப்படிபோல் வரிசையாக இறங்கி வரும். அவை முடிந்து வால் தொடங்கும் இடத்தில் கழிவுத் துளையை மூடும் செதிலைப் பாருங்கள். கிங்ஸ்நேக்குக்கு அது பிளவுபடாமல் ஒற்றைச் செதிலாக இருக்கும். கார்ன்ஸ்நேக்குக்கு நடுவில் சாய்வாக ஒரு கோடு ஓடி இரண்டாகப் பிரிந்திருக்கும். அடுத்து முதுகுச் செதில்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கிங்ஸ்நேக் செதில் வழவழவென்று இருக்கும். கார்ன்ஸ்நேக்கின் நடுமுதுகுச் செதில்களில் மெல்லிய மேடு ஒன்று நீளவாக்கில் ஓடும். கிங்ஸ்நேக் என்று வாங்கிய பாம்பின் சட்டையில் பிளவுபட்ட செதிலோ மேடுகளோ தெரிந்தால், விற்றவரிடம் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் செதில் ஒற்றையாக இருப்பதால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது; கலப்புக் குட்டிகள் எந்தப் பக்கமும் சாயலாம். கிங்ஸ்நேக் வடிவங்களுக்குள்ளேயே நடந்த கலப்பை இந்தச் சோதனை காட்டவே காட்டாது.

மரபணுச் சோதனை இருக்கிறதே என்று நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இனங்களைப் பிரிக்க வழக்கமாகப் பயன்படுத்தும் மைட்டோகாண்ட்ரியா மரபணு தாயிடமிருந்து மட்டுமே வருவது. தாய் மெக்சிகன் பிளாக், தந்தை கலிஃபோர்னியா என்றால், அந்தச் சோதனை குட்டியை மெக்சிகன் பிளாக் என்றே சொல்லும். தந்தை யார் என்பது அதில் தெரியாது. உட்கருவில் உள்ள மரபணுக்களை விரிவாகப் பார்த்தால் தெரியலாம். அதற்கு ஒப்பிட, இடம் தெரிந்த காட்டுப் பாம்புகளின் மாதிரிகள் வேண்டும். அவை இருப்பது அமெரிக்க அருங்காட்சியகங்களில். ஒரு பேனாவும் ஒரு சீட்டும் செய்யக்கூடிய வேலையை இத்தனை சுற்றி வளைத்துச் செய்யத் தேவையில்லை.

மார்ஃப் எனப்படும் அரிய நிற வடிவங்களின் பிரியர்களுக்கும் இதில் நட்டமில்லை. கருநிறமி இல்லாத ஆல்பினோ போன்றவை ஒடுங்கு பண்புகள், தாய் தந்தை இருவரிடமிருந்தும் மரபணு வந்தால்தான் வெளிப்படும்; அவற்றுக்கு வம்சாவளிதான் அடிப்படை. பண்பை வெளிக்காட்டாமல் சுமக்கும் குட்டிக்கு 'ஹெட்' என்று நீங்கள் எழுதும் சொல்லே தாய் தந்தையைப் பற்றிய ஒரு கூற்றுதான். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது இல்லை. விலையைக் கூட்டும் ஆல்பினோ மரபணுவுக்கு மட்டும் மூன்று தலைமுறைக் கணக்கு வைத்திருக்கிறோம். அந்தப் பாம்பு எந்த நிலத்தது என்பதற்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

சென்னைக்கே உரிய ஓர் அபாயமும் உண்டு. கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலிஃபோர்னியா கிங்ஸ்நேக் டப்பாவிலிருந்து தப்பி அடுத்த வீட்டு வாசலில் கிடந்தால், அக்கம்பக்கத்தார் அதைக் கட்டுவிரியன் என்றே நினைப்பார்கள், அடித்துக் கொன்றுவிடுவார்கள். இதன் மறுபக்கம் அதைவிடக் கொடியது. நம் வீட்டுப் பிள்ளை இரவில் உண்மையான கட்டுவிரியனைப் பார்த்து, 'நம்ம பாம்பு வெளியே வந்துவிட்டது' என்று கையை நீட்டிவிடலாம். கட்டுவிரியனின் நடுமுதுகுச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். வெள்ளைப் பட்டைகள் மெலிதாக, பல இடங்களில் இரண்டிரண்டாக வரும். ஆனால் அதை நெருங்கிப் பார்த்து உறுதி செய்ய யாரும் முயலக்கூடாது. உங்கள் பாம்பு ஒவ்வொன்றின் படமும் எண்ணும் பதிவில் இருந்து, ஒவ்வொரு டப்பாவும் பூட்டியிருந்தால், வாசலில் கிடப்பது உங்களுடையதா என்ற கேள்விக்கு எட்ட நின்றே பதில் கிடைக்கும். வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லிவிட்டு விலகி நிற்கலாம்.

தப்பிய பாம்பு என்ன செய்யும் என்பதற்கு ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவு கண்முன் நிற்கிறது. செல்லப்பிராணியாகப் போன கலிஃபோர்னியா கிங்ஸ்நேக் அங்கே காட்டில் பெருகி, ஆல்பினோக்கள்கூட வெளியில் திரிகின்றன. பாம்பு பரவிய பகுதிகளில் அந்தத் தீவுக்கே உரிய பெரிய பல்லியினம் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டதாக 2021-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வளர்ப்பவர்கள் ஒவ்வொரு குட்டிக்கும் கணக்கு வைத்திருக்கும் ஊரில், ஒன்று குறைந்தால் அன்றே தெரியும்.

'வாங்க வருகிறவர் அழகைத்தான் பார்க்கிறார், பூர்வீகத்தை யார் கேட்கிறார்கள்?' என்று ஒரு மூத்த நண்பர் என்னிடம் சொன்னார். இன்று கேட்பதில்லை என்பது உண்மைதான். விற்கிறவர் சொல்லத் தொடங்கினால்தான் வாங்குகிறவர் கேட்கத் தொடங்குவார். சென்னையின் டிசம்பர் இரவு குளிர்கால உறக்கத்துக்குப் போதாது என்று, தெர்மோஸ்டாட் மாட்டிய பழைய ஃப்ரிட்ஜில் 12 டிகிரியில் இரண்டு மூன்று மாதம் பாம்பைக் கண்விழித்துக் காப்பவர்கள் நீங்கள். மே மாத வெயிலில் மின்சாரம் போனால் முட்டைகளை 28 டிகிரியில் வைத்திருக்க ஈரத்துணியும் ஐஸ்கட்டியுமாக ஓடுகிறீர்கள். இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற குட்டியை அனாதையாக வெளியே அனுப்பலாமா?

நான் கேட்பது ஓர் அஞ்சலட்டை அளவுச் சீட்டு. குட்டியின் எண், தாயின் எண், தந்தையின் எண், முட்டையிட்ட தேதி, பொரித்த தேதி. பிறகு தாய் வழியின் பூர்வீகம், தந்தை வழியின் பூர்வீகம், அது எப்படித் தெரியும் என்று ஒரு வரி: 'வாங்கியபோது விற்றவர் எழுதிக் கொடுத்தது', 'விற்றவர் வாய்மொழியாகச் சொன்னது', 'தெரியாது' என்று எதுவானாலும் சரி. வாய்மொழி என்றால் வாய்மொழி என்றே எழுதுங்கள். அதை எழுத்துச் சான்றாக உயர்த்தாதீர்கள். பொரித்த வாரம், ஆறு மாதம், இரண்டு வயது என்று முதுகும் வயிறும் தெரியும் மூன்று படங்கள். பட்டையுள்ள பாம்புகளில் வடிவம் ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதால், அவற்றை அடையாளம் காண அந்தப் படங்களே போதும். முதல் சட்டையை உலர்த்தி, எண் எழுதிய காகித உறையில் வையுங்கள். கலப்பு என்றால் இரு பக்கத்தையும் எழுதுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாம்பு கை மாறும்போது சீட்டும் கை மாற வேண்டும். ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டும்.

இந்தப் பருவத்துக் குட்டிகளிலிருந்தே தொடங்கலாம். ஜூலை மாதம் முழுவதும் ஞாயிறு காலைகளில், விரும்புகிறவர்கள் வீட்டுக்கு நானே வந்து படம் எடுத்து, சட்டைகளில் செதில் எண்ணி, சீட்டு எழுத உதவுகிறேன். முதல் சீட்டாக என்னிடம் உள்ள ஃப்ளோரிடா ஜோடியின் விவரத்தை இந்த வாரமே உங்கள் எல்லோருக்கும் அனுப்புகிறேன். தாய் வழி எழுத்துச் சான்றோடு இருக்கிறது. தந்தை வழிக்கு எதிரே 'தெரியாது' என்று எழுதியிருக்கிறேன். அந்த ஜோடியின் குட்டிகளை 'புரூக்ஸ்' என்ற பெயரில் யாருக்கும் தரப் போவதில்லை.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
பெரம்பூர், சென்னை